இரண்டு சென்டிமீட்டர்

போப்ராட் ஐஸ் அரங்கில் காப்பி ஒரு யூரோ இருபது.
சூடாக இருக்கும். அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
தூணை ஒட்டிய இருக்கை என்னுடையது.
மற்ற தேர்வாளர்கள் நடுவரிசையில்
சேர்ந்து உட்கார்ந்து
சேர்ந்து சிரித்து
சேர்ந்தே ஒரு பெயரை எழுதுவார்கள்.

இன்றைக்கு அந்தப் பெயர் ஓரவெட்ஸ்.
நூற்றுத் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர்.
அவன் அடித்த பக் பலகையில் பட்டால்
அரங்கம் ஒருமுறை இருமி அடங்கும்.
நானும் அவனைப் பார்க்கத்தான் வந்தேன், மறைப்பானேன்.
என் பெட்ரோலுக்குக் காசு கொடுப்பவர்கள்
உயரத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் பகுதியில் பக் மூலைக்கு உருண்டது.
துரத்திப் போனான் இருபத்தேழாம் எண்.
போகிற போக்கில்
இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை,
வலது தோளுக்கு மேல் ஒன்று,
அடுப்பில் பாலை வைத்துவிட்டு
வாசலில் பேசுகிறவர்கள் திரும்பிக்கொள்வதுபோல.
தொடுவதற்கு முன்பே
பக் எங்கே போகவேண்டும் என்பது முடிவாகியிருந்தது.
தொட்டான். தடவினான் என்பதே சரி.
இடிக்க வந்தவன் வெறும் பலகையை இடித்தான்.

யாரும் கைதட்டவில்லை.
தட்டுவதற்கு என்ன நடந்தது?

விழாத கோலுக்கு விளக்கு எரிவதில்லை.
திறக்காத இடைவெளி,
கிளம்பாத பாஸ்,
நீலக்கோடு வரை வந்து வழியில்லாமல்
வட்டமடித்துத் திரும்பிய எதிராளி:
என் படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் உண்டு,
நடக்காததை எழுத ஒன்றுகூட இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜிலினாவில்
பெனோ என்றொரு பையனை
'கால் மெதுவு' என்று இரண்டே சொல்லில் முடித்துவைத்தேன்.
மெதுவுதான். இன்றைக்கும் மெதுவுதான்.
ஓடவேண்டிய இடத்தில் அவன் முன்பே நின்றுகொண்டிருப்பான், அவ்வளவே.
இப்போது ஸ்வீடனில்
ஆட்டத்துக்கு இருபத்துமூன்று நிமிடம் நிற்கிறான் அப்படி.
அன்று அவனை நான் பார்க்கவே இல்லை.
பக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டிக்கெட் வாங்கியவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

மூன்றாம் பகுதி. இருபத்தேழு சொதப்பினான்.
நடுவழியே அனுப்பிய பாஸ்
எதிராளியின் மட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.
கோல். சைரன்.
எனக்கு இரண்டு வரிசை கீழே
ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
யாருடைய அப்பா என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் பேனாவைத் திறந்தேன்.
தவறைக் குறித்துக்கொள்ள இல்லை.
இனி என்ன செய்வான்?
சூடு கண்ட பையன்கள்
அதற்குப் பிறகு கண்ணாடியோரம் ஓங்கி அடித்து
வெளியே தள்ளிவிடுவார்கள்,
விட்டது தொல்லை என்று.
பயிற்சியாளரும் 'நல்லது' என்பார்.
இப்படியே ஒருவன் ஒரு வருடத்தில் சின்னவனாகிவிடுவான்,
உயரம் குறையாமலே.

நான்கு நிமிடம்.
அதே மூலை. இடிக்க வருகிறவனும் அதே ஆள்.
தோள். தோள்.
நடுவழியே, அதே பாஸ்.

போய்ச் சேர்ந்தது.

பேனா மையை உமிழ்ந்து என் கட்டைவிரல் நீலமாகியிருந்ததை
காரில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

ஓரவெட்ஸ் இரண்டு கோல் போட்டான்.
நல்ல பையன். ஆட்டம் முடிந்ததும்
கோல்கீப்பரின் தண்ணீர்ப் புட்டியை அவனேதான் பொறுக்கினான்.
அதையும் எழுதியிருக்கிறேன்.

பனியைத் துடைப்பான் இழுத்து இழுத்துத் தள்ளும்போது
தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
"ஓரவெட்ஸ்?"
"எல்லாரும் சொல்கிறபடிதான்."
"வேறு யாராவது?"
"ஹ்ரிவ்னாக். மத்தூஷ் ஹ்ரிவ்னாக்."
"உயரம்?"

திரும்பிப் பார்க்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கடல் தாண்டிப் போகையில் அந்த வாக்கியம்
என்னவாகப் போய்ச் சேரும்?
பட்டியலில் நூற்று எழுபத்தெட்டு.

"நூற்று எண்பது," என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற ஓசை.
வளர்கிற வயசு என்று
போனை வைத்த பிறகு
காருக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.